ஈரத்துணி அக்காவும் எங்கள் கீச்சு ஜன்னலும்

ஈரத்துணி அக்காவைப் பார்த்த முதல் நிமிஷமே எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. பார்சல் ஆபீஸில் எடை மேஜைக்குப் பின்னால் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்து, "போன வாரம் இதே பெட்டி எடை கம்மியா இருந்துச்சே" என்பவர்களோடு மல்லுக்கு நின்று பழகியவன் நான். வீட்டில் என் பெயர் குக்கர். மனைவி வைத்தது. ஆனால் அன்றைக்கு வந்த கோபத்தில் நியாயம் இருப்பதாகத்தான் நினைத்தேன்.

அக்கா வாசலில் வந்து நின்றதும் என் மகள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஒன்றே முக்கால் வயது. யாரைப் பார்த்தாலும் தூக்கச் சொல்வாள், தபால்காரரைக்கூட விடமாட்டாள். அந்த அம்மாள் சட்டென்று இரண்டடி பின்னால் போய்க் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாம் கண்ணு. நான் இன்னும் குளிக்கல."

மகளின் உதடு பிதுங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள். குக்கர் விசில் அடிக்கப்போகிறது என்றால் அவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

நாங்கள் நின்றது எங்கள் வீட்டு வாசல் இல்லை. தெருவுக்கு இந்தப் பக்கம், என் மனைவியின் அக்கா வீட்டு வாசல். எங்கள் வாடகை வீடு நேர் எதிரே, மாடியில். மகளை அந்த வீட்டுக்குள் விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

விஷயம் இதுதான். இரண்டு வாரத்துக்கு முன்னால் மகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்தோம். சோகையாக இருக்கிறாளே, சரியாகத் தூங்கமாட்டேன் என்கிறாளே என்று போனது. ரத்தத்தில் ஈயம் இருக்கிறது, பதினான்கு என்று முடிவு வந்தது. பதினான்கு அதிகமா, குறைவா என்று கேட்டேன். "இதுவரைக்கும் இருக்கலாம்னு ஒரு அளவே இதுல கிடையாதுங்க" என்றார் டாக்டர். வளரும் மூளையைத்தான் அது முதலில் தொடுமாம். எங்கள் வீடு கட்டி அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் கலந்திருக்கும். குடியிருப்பவர் மாறும்போதெல்லாம் வீட்டுக்காரர் அதன் மேலேயே ஒரு பூச்சு அடித்துவிடுவார். அடியில் இருப்பது பொரிந்து, உதிர்ந்து, தூளாகித் தரையில் கிடக்கும். தவழ்கிற பிள்ளை கையைத் தரையில் வைத்து வாயில் வைக்கும். கண்ணுக்குத் தெரியாத தூளே போதுமாம்.

எனக்கு வந்த பயம் வழக்கம்போலக் கோபமாக மாறியது. மாடிப்படியில் நின்று, கீழ்வீட்டில் குடியிருக்கும் வீட்டுக்காரரைப் பார்த்து நான் கத்திய கத்தலில் தெருவே ஜன்னலைத் திறந்தது. அவர் அசரவில்லை.

"முப்பது வருஷமா வாடகைக்கு விடுறேன் தம்பி. ஒருத்தரும் என் சுவரைத் தின்னதா சொன்னதில்ல."

கடைசியில் பழுது பார்க்கச் சம்மதித்தார். அவர் சொன்ன வழி, அவருடைய ஆட்கள் இரண்டு பேர் வந்து நெருப்பு ஊதும் விளக்கால் பழைய பெயிண்டைப் பொசுக்கி, சரசரவென்று சுரண்டி, ஒரே நாளில் முடித்துவிடுவது. ஆஸ்பத்திரி நர்ஸிடம் கேட்டபோது அந்த அம்மா நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். பொசுக்கினால் ஈயம் புகையாகும், காய்ந்தபடியே சுரண்டினால் வீடு முழுக்கத் தூளாகும், இருப்பதைவிட மோசமாகும் என்றார். அவர்தான் ஈரத்துணி அக்காவின் நம்பரைக் கொடுத்தார். அக்காதான் வரவேண்டும் என்று என் மனைவி ஒற்றைக் காலில் நின்றாள். வீட்டுக்காரர் இறங்கி வந்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. "பன்னிரண்டு நாள். வேலை முடிஞ்சு தூசி எடுத்துப் பண்ற டெஸ்ட்ல தேறலைன்னா என் ஆளுங்க வருவாங்க."

அந்தப் பன்னிரண்டு நாள் எங்களுக்கும் கெடு. அதற்குப் பிறகு மனைவியின் அக்கா வீட்டுக்கு மாமனார் மாமியாரோடு ஆறு பேர் வருகிறார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போக எங்களுக்கு வேறு இடம் இல்லை.

வேலை தொடங்கிய நாளிலிருந்து நான் அக்காவின் ரசிகனாகிவிட்டேன். இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கம்தான், ஆனால் ஆபீஸில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தேன். சுவரைத் தொடுவதற்கு முன்னால் அவர் முழுதாக ஒரு நாள் எடுத்துக்கொண்டார். தரை முழுக்கக் கனத்த பிளாஸ்டிக் விரிப்பு, ஓரமெல்லாம் டேப். கதவுக்குப் பதிலாக இரண்டு பிளாஸ்டிக் திரை, ஒன்றின் மேல் ஒன்று. உள்ளே போனால் தலையிலிருந்து கால்வரை மூடுகிற வெள்ளை உடுப்பு, மூக்கில் இரண்டு பக்கமும் வடிகட்டி வைத்த முகமூடி. திரையில் பதித்திருந்த சின்னக் கண்ணாடி வழியாகத்தான் நான் வெளியே நின்று பார்க்கலாம். கையில் எந்நேரமும் தண்ணீர் தெளிப்பான். தெளிப்பார், ஊறவிடுவார், பிறகு சுரண்டுவார். மறுபடி தெளிப்பார். உதிர்வது தூளாகப் பறக்காமல் சேறாக விழும். அதைத் துணியால் வழித்து, மடித்து, பைக்குள் போட்டு, வாயைக் கட்டி, அந்தப் பையை இன்னொரு பைக்குள் போடுவார். துணியின் ஒரு பக்கத்தால் இரண்டாவது முறை துடைக்கமாட்டார். இதனால்தான் அந்தப் பெயர்.

வீட்டுக்காரர் தினமும் ஒரு தடவை மேலே வந்து எட்டிப் பார்ப்பார். "ஒரு நாள் வேலையை ஏன்மா இந்த இழு இழுக்கிற?"

"உங்க வீடு வயசானது சார். வயசானவங்களைக் குளிப்பாட்டுற மாதிரி மெதுவாத்தான் பண்ணணும்" என்பார் அக்கா, முகமூடிக்குள்ளிருந்து. வீட்டுக்காரருக்கு எழுபத்திரண்டு வயது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் போவார்.

என் மகளுக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரு தனிக் கூத்து ஓடிக்கொண்டிருந்தது. எதிரே மனைவியின் அக்கா வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்பாள். இங்கே எங்கள் வீட்டில் மூடிய கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை உடுப்பில் அக்கா தெரிந்ததும் "பஞ்சு! பஞ்சு!" என்று கத்துவாள். அக்கா கையாட்டுவார். மாலையில் வேலை முடிந்து, உடுப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டு, கை முகமெல்லாம் கழுவிவிட்டு அக்கா தெருவில் இறங்கினால், இவள் வாசலுக்கு ஓடிவந்து இரண்டு கையையும் தூக்குவாள். அக்கா தினமும் அதே இரண்டடி பின்னால் போவார். தினமும் அதே வார்த்தை. மூன்றாவது நாள் நான் கேட்டேவிட்டேன். "அதான் கழுவிட்டீங்களே அக்கா, ஒரு தடவை தூக்குங்களேன்."

"குளிக்கல சார்" என்றார்.

நான்காவது நாள்தான் என் தலையில் இடி விழுந்தது. படுக்கையறை ஜன்னல் பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற மர ஜன்னல். அக்கா அதைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரைக்கு வெளியே வந்து, முகமூடியைக் கழற்றினார்.

"இந்தச் சட்டத்தோட ஓரம் பளபளன்னு இருக்கு. யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிருக்காங்க. ஒரு தடவை இல்ல, பல தடவை. கீழ்ப்பூச்சு வரைக்கும் போயிருக்கு. வீட்டுலயே தூள் அதிகம் விழுந்த இடம் இதுதான். யார் தேய்ச்சாங்கன்னு தெரியுமா?"

தெரியும். நான்தான்.

அந்த ஜன்னல் தள்ளும்போதெல்லாம் கீச்சென்று கத்தும். மகள் தூக்கத்தில் துள்ளி எழுந்து அழுவாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் தூங்கும் நேரமாகப் பார்த்து, சத்தம் போடாமல் உப்புத்தாளால் தேய்ப்பேன். ஒரு வாரம் சரியாக இருக்கும், மறுபடி கத்தும், மறுபடி தேய்ப்பேன். எட்டு மாசமாக. அவள் தொட்டில் அந்த ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. தேய்த்து முடித்ததும் விளிம்பை வாயால் ஊதிவிடுவேன்.

செத்துப்போகலாம் போலிருந்தது. ஆனால் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "வீட்டுக்காரர் ஆளுங்களா இருக்கும்."

மனைவி பக்கத்தில்தான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவளுக்குத் தையல் வகுப்பு, நான் தேய்த்ததை அவள் பார்த்ததில்லை. "பாருங்க அக்கா, எவ்வளவு பொறுப்பில்லாத ஆளுங்க" என்றாள். நானும் தலையாட்டினேன்.

இன்னொன்றும் இருந்தது. அந்த உப்புத்தாள், தேய்க்கிற கட்டை, துடைத்த பழந்துணி எல்லாம் ஒரு பொட்டலமாக அதே அறையின் சுவர் அலமாரியில், மேல் தட்டில் இருந்தன. அக்கா முதல் நாளே அதைக் காட்டி உள்ளே என்ன என்று கேட்டிருந்தார். பழைய ரசீதுகள், சாவி தொலைந்துவிட்டது, மகள் கைக்கு எட்டாது என்று சொல்லியிருந்தேன். அப்போது அது சோம்பேறித்தனத்தில் சொன்ன பொய். ரசீதுகளை யார் இறக்கி வைப்பது என்றுதான். அவர் அலமாரியை வெளியே பிளாஸ்டிக் போட்டு ஒட்டிவிட்டு, "அப்ப டெஸ்ட் முடியிற வரைக்கும் இதைத் திறக்காதீங்க சார்" என்றிருந்தார்.

எட்டாவது நாள் வேலை முடிந்தது. ஜன்னலுக்குப் புதுச் சட்டம். சுவரெல்லாம் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, புதுப் பெயிண்ட். தனி வடிகட்டி வைத்த வேக்குவம் மெஷினால் மூலை முடுக்கெல்லாம் உறிஞ்சி, சோப்புத் தண்ணீர் ஒரு வாளி, நல்ல தண்ணீர் ஒரு வாளி என்று வைத்துத் துடைத்து, மறுபடி உறிஞ்சினார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்தார். தூசி ஒரு துளி இருந்தாலும் நிழல் விழுமாம். தரையில் படுத்துக் கன்னத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார். ஒரு நிழலும் இல்லை. மறுநாள் காலை சோதனைக்கூடத்து ஆள் வருவதாக ஏற்பாடு.

அன்று சாயங்காலம் நான் அந்த மகா காரியத்தைச் செய்தேன். டெஸ்ட் முடிந்ததும் அலமாரியைத் திறப்பார்கள், பொட்டலம் வெளியே வரும், என் குட்டு உடைந்துவிடும் என்ற பயம். யாரும் இல்லாத நேரம் பார்த்து உள்ளே போய், டேப்பை உரித்து, தொலைந்ததாகச் சொன்ன சாவியால் திறந்து, எக்கிப் பொட்டலத்தை இழுத்தேன். அது அவிழ்ந்து தலைகீழாகக் கொட்டியது. வெள்ளையும் பச்சையுமாகத் தூள். பதறிப்போய்க் கைக்குட்டையால் துடைத்தேன். காய்ந்த கைக்குட்டையால். எட்டு நாளாக ஈரத்துணியைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். டேப்பைத் திரும்ப ஒட்டிவிட்டு, பொட்டலத்தைத் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, நல்ல பிள்ளையாக எதிர்வீட்டுக்குப் போய் மகளைத் தூக்கிக்கொண்டேன்.

ஒன்பதாவது நாள் சோதனைக்கூடத்து ஆள் தரையிலும் ஜன்னல் விளிம்பிலும் அளவெடுத்துத் துடைத்து, துடைத்த தாள்களைக் குப்பிகளில் போட்டுக் கொண்டு போனார். பத்தாவது நாள் மத்தியானம் முடிவு வந்தது. எட்டு இடம் தேறியது. ஒரு இடம் தேறவில்லை. படுக்கையறை, அலமாரிக்குக் கீழே உள்ள தரை. அளவு எக்கச்சக்கம்.

மாடிப்படியில் எல்லோரும் நின்றிருந்தோம். அக்கா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த இடத்தை நான் மூணு தடவை துடைச்சேன்" என்றார். தாளை மடித்துக்கொண்டே, "என் தப்புதான். எங்கேயோ விட்டிருக்கேன்" என்றார்.

வீட்டுக்காரர் போனை எடுத்தார். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே. என் ஆளுங்களை நாளைக்குக் காலையில வரச் சொல்றேன்."

என் மனைவி அழத் தொடங்கினாள். எதிர்வீட்டு ஜன்னலில் மகள் "பஞ்சு!" என்று கத்துவது இங்கே கேட்டது. நாளைக்கு அந்த அறையில் நெருப்பு விளக்கு எரியும், அதற்கடுத்த நாள் அந்தப் பிள்ளை அங்கே படுத்துத் தூங்கும். தெருவே கேட்கக் கத்தத் தெரிந்த எனக்கு உண்மையைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. ஆனால் அக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், எங்கே விட்டேன் என்று அந்தக் கைகளையே கேட்பதுபோல. அதை என்னால் பார்க்க முடியவில்லை.

"நான்தான்" என்றேன். "ஜன்னலைத் தேய்ச்சதும் நான்தான். அலமாரியைத் திறந்து கொட்டினதும் நான்தான்."

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியாது. அக்கா திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் துள்ளி எழுந்தார். முகம் பளிச்சென்று மாறியிருந்தது.

"எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுபோச்சுல்ல, அது போதும். எங்கெங்க நடந்தீங்க? எந்தச் செருப்பு? அந்தக் கைக்குட்டை எங்க?"

"பேண்ட் பாக்கெட்ல."

"பேண்ட் எங்க?"

எதிர்வீட்டில், கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. மகள் ஒளிந்து விளையாடுகிற கதவு. அக்கா படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடினார். நான் பின்னால், மனைவி எனக்குப் பின்னால், எல்லோருக்கும் பின்னால் எழுபத்திரண்டு வயது வீட்டுக்காரர். அக்கா வாசலில் நின்று என் மனைவியிடம் பையையும் கையுறையையும் நீட்டினார். "உதறாம, சுருட்டி உள்ள போடுங்க." பிறகு அந்தக் கதவு, கதவுக்குக் கீழே உள்ள தரை, நான் நடந்த படி, குப்பைத் தொட்டியில் கிடந்த பொட்டலம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் சுத்தம் செய்தார். நான் போலீஸ் ஸ்டேஷனில் மாட்டியவன் மாதிரி ஒவ்வொரு இடமாகக் காட்டிக்கொடுத்தேன்.

வீட்டுக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்னைப் படியில நிக்க வெச்சு ஊரைக் கூட்டித் திட்டினியே தம்பி." பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவரே, "பெயிண்ட் என்னுது, தேய்ச்சது நீ. ரெண்டு பேரும் ஆளுக்கொரு வாளி தூக்குவோம்" என்று சொல்லிவிட்டு, போனைப் பாக்கெட்டுக்குள் போட்டார்.

அன்று சாயங்காலம் நானும் வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு அக்காவோடு முழங்காலில் இருந்தேன். அலமாரியைத் திறந்து, ஒவ்வொரு தட்டாகத் துடைத்து இறங்கிக்கொண்டிருந்தோம்.

"அந்த பேண்ட்டோடயே பாப்பாவைத் தூக்கினேன் அக்கா" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. முகமூடிக்குள் அழுவது பெரிய தொல்லை, துடைக்க முடியாது.

"ஒரு சாயங்காலம்தானே சார். நான் நாலு வருஷம் தூக்கினேன்." அவர் துணியை மடித்துக்கொண்டே பேசினார். "அப்ப எனக்கு இதெல்லாம் தெரியாது. எல்லாரும் மாதிரி காய்ஞ்ச சுவரைத்தான் சுரண்டுவேன். தலையெல்லாம் தூள், சட்டையெல்லாம் தூள். அப்படியே வீட்டுக்குப் போவேன். வாசல்லயே ஓடிவந்து என் பொண்ணு கழுத்தைக் கட்டிக்குவா. நாள் பூரா அவளைப் பார்க்காம வந்திருப்பேனா, நானும் இறுக்கிப் பிடிச்சுக்குவேன். அவ நம்பர் உங்க பாப்பாவோடதைவிட மூணு மடங்கு."

நான் துடைப்பதை நிறுத்திவிட்டேன்.

"இப்ப காலேஜ் படிக்கிறா. நல்லா இருக்கா. கணக்கு மட்டும் ஏறாது. அது ஈயத்தாலயா, இல்ல என் மண்டை அவளுக்கும் வந்திருக்கான்னு யாருக்கும் தெரியாது." சிரித்தார். "அதுக்கப்புறம் குளிக்காம எந்தக் குழந்தையையும் தொடுறதில்ல. அந்தப் பக்கத்தை முடிச்சுட்டீங்க, துணியை மாத்துங்க சார்."

பதினோராவது நாள் மறுபடி துடைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். பன்னிரண்டாவது நாள் பகல் பதினொன்றரை மணிக்குப் போன் வந்தது. ஒன்பது இடமும் தேறிவிட்டது. நான் ஆபீஸில் எடை மேஜையைத் தட்டிய தட்டில் முள் நான்கு கிலோ காட்டியது. ஓடிவந்து மகளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். மனைவி ஜன்னலைத் தள்ளினாள். புதுச் சட்டம், சத்தமே இல்லை. மகள் அதை நான்கு தடவை தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அக்காவுக்கு நன்றி சொல்லக் கூப்பிட்டால், அவர் அதற்குள் ஊரின் அடுத்த பக்கம் இன்னொரு வீட்டில் பிளாஸ்டிக் விரித்துக்கொண்டிருந்தார்.

ரத்தத்தில் ஏறியது ஒரே நாளில் இறங்காது, மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அந்த மூன்று மாதமும் நான் யாரிடமும் சண்டை போடவில்லை. ஆபீஸில் எனக்கு உடம்பு சரியில்லை என்று பேசிக்கொண்டார்கள். பரிசோதனை முடிவு வந்த நாளில் தாளைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. மனைவிதான் பிரித்தாள். ஒன்பது. பதினான்கு ஒன்பதாகியிருந்தது. இன்னும் இறங்கவேண்டும், ஆனால் இறங்கத் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே அக்காவுக்குப் போன் செய்தேன்.

"ஒன்பது அக்கா."

அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த சுரண்டும் ஓசை நின்றது. பிறகு, "பாப்பா இன்னிக்கு வீட்டுலதானே இருப்பா?" என்றார்.

"இங்கதான் இருக்கா. வீட்டுக்குத்தான் போறோம்."

"அப்ப குளிச்சிட்டு வர்றேன்."

ஐந்து மணிக்கு வந்தார். சலவை செய்த நீலப் புடவை, தலையில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. மகள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். யாரென்றே தெரியவில்லை. அக்கா உள்ளங்கையை மூக்கு வாய் மேல் முகமூடி மாதிரி வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் காட்டினார்.

"பஞ்சு" என்றாள் மகள், மெதுவாக. பிறகு இரண்டு கையையும் தூக்கினாள்.

அக்கா பழக்கத்தில் ஒரு அடி பின்னால் போனார். அங்கேயே நின்றார். திரும்பி முன்னால் வந்து, குனிந்து, அவளைத் தூக்கி ஈரத் தலையோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். வெகுநேரம் கீழே இறக்கவே இல்லை.